பங்கு யாருடைய பங்கு?
பிலடெல்பியாவின் ஜெர்மன் கோயிலை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

எங்கள் ஊரில் வருஷத்துக்கு ஒருதரம் கோயில் வரி வசூலிக்க வருவார்கள். நீளமான நோட்டு ஒன்று. அதில் தலைக்கட்டு வாரியாகப் பெயர்கள். கட்டினவன் பெயருக்கு நேரே ஒரு கோடு, கட்டாதவனுக்குச் சுழி. 'பங்குல இருக்கியா, இல்லியா?' என்கிற கேள்விக்குப் பதில் அந்த நோட்டில்தான் இருந்தது. கிறிஸ்தவரல்லாத நண்பர்களுக்கு ஒரு விளக்கம்: ஒரு சாமியாரின் பொறுப்பில் விடப்பட்ட கோயிலையும் அதைச் சேர்ந்த ஜனங்களையும் தமிழ்க் கத்தோலிக்கர்கள் 'பங்கு' என்பார்கள். அந்தச் சாமியார் பங்குச் சாமியார் அல்லது பங்குத்தந்தை.

இந்தச் சொல் எனக்கு ரொம்ப நாளாக ஒரு உறுத்தல். பங்கு என்றால் கூறு, பாகம். சொத்தில் பங்கு, லாபத்தில் பங்கு என்கிறோம். யாருக்கு எதில் பங்கு? ஆயர் தன் மறைமாவட்டத்தைக் கூறுபோட்டு ஒவ்வொரு சாமியாருக்கும் ஒரு துண்டு கொடுக்கிறார், அந்தத் துண்டுதான் பங்கு என்று ஒரு வாசிப்பு உண்டு. கல் சுமந்து, காசு கொடுத்து, வரி கட்டிய ஜனங்களுக்குக் கோயிலில் இருக்கிற உரிமைதான் பங்கு என்று இன்னொரு வாசிப்பும் சாத்தியம். ஒரே சொல்லுக்குள் இரண்டு அதிகாரங்கள் முட்டிக்கொண்டு நிற்கின்றன.

ஐரோப்பிய மொழிகளில் இதற்கு வழங்கும் சொற்களின் வேர் கிரேக்கத்தின் 'பரோய்க்கியா'. அந்நிய மண்ணில் தற்காலிகமாகக் குடியிருப்பது என்பது அதன் பொருள். முதல் நூற்றாண்டுகளின் கிறிஸ்தவர்கள் தங்களை வந்தேறிகளாக, ஊருக்குள் உரிமையில்லாமல் ஓரமாகத் தங்கியிருப்பவர்களாகக் கண்டார்கள். பிறகு ரோம சாம்ராஜ்யமே கிறிஸ்தவமாகி, அதே சொல் எல்லைக்கல் நட்ட நிலப்பரப்பைக் குறிக்க வந்துவிட்டது. வந்தேறியின் சொல் நிலக்கிழாரின் சொல்லாக மாறிய கதை இது. ஆகவே 'குடியேறிகளின் பங்கு' என்று சொன்னால் அது ஒருவகையில் கூறியது கூறல்தான். ஆனால் வரலாற்றில் அப்படியொரு பங்கு உருவாக முயன்றபோது பெரிய ரகளை நடந்தது. அந்த ரகளையைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

இடம்: அமெரிக்காவின் பிலடெல்பியா. ஸ்புரூஸ் தெருவும் ஆறாம் தெருவும் சந்திக்கும் முனையில் நிற்கும் ஹோலி டிரினிட்டி, அதாவது பரிசுத்த திரித்துவக் கோயில். 1789-ல் திறக்கப்பட்டது. எல்லைக்கோட்டை வைத்தல்லாமல் பேசும் மொழியை வைத்து அமெரிக்காவில் உருவான முதல் கத்தோலிக்கப் பங்கு இதுதான் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள்.

2

பங்கு வரலாறு என்பது ஒரு தனி இலக்கிய வகைமை. வெள்ளிவிழா, நூற்றாண்டு விழா என்று மலர் போடுவார்கள். முதல் பக்கம் ஆயரின் ஆசிச் செய்தி. பிறகு பங்குச் சாமியார்களின் படங்கள், மணி வந்த வருஷம், கோபுரம் எழுந்த வருஷம், உபயகாரர்கள். ஜனங்கள் அந்தக் கதையாடலில் 'பக்தி நிறைந்த மக்கள்' என்ற ஒரே சொற்றொடருக்குள் அடங்கிவிடுவார்கள். சண்டை வந்திருந்தால் 'சில மனவருத்தங்கள் ஏற்பட்டுப் பின் இறையருளால் நீங்கின' என்று ஒரு வரி. நான் படிக்க விரும்புவது அந்த ஒரு வரியைத்தான்.

பென்சில்வேனியாவில் ஜெர்மானியர் குடியேற்றம் 1683-ல் பிலடெல்பியாவுக்குப் பக்கத்தில் ஜெர்மன்டவுன் என்கிற ஊரோடு தொடங்குகிறது. அடுத்தடுத்து வந்தவர்களில் பெரும்பாலோர் லுத்தரன்கள், சீர்திருத்த சபையினர், மென்னோனைட்டுகள். கத்தோலிக்கர் சொற்பம். மற்ற ஆங்கிலக் காலனிகளில் கத்தோலிக்கப் பூசைக்குத் தடை இருந்தது. குவேக்கர்கள் அமைத்த பென்சில்வேனியா மட்டும் கண்டும் காணாமல் விட்டது. 1733-ல் பிலடெல்பியாவில் ஒரு சந்துக்குள் ஆங்கிலேய ஏசுசபையினர் செயின்ட் ஜோசப் கோயிலைத் தொடங்கினார்கள். பார்த்தால் கோயில் மாதிரியே இருக்காது. அப்படி இருந்தால்தான் பாதுகாப்பு.

ஜெர்மன் பேசுகிறவர்களைக் கவனிக்க 1741-ல் இரண்டு ஜெர்மன் ஏசுசபையினர் வந்தார்கள். ஒருவர் தியடோர் ஷ்னைடர். ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் தலைமைப் பொறுப்பில் இருந்த மனிதர். கோஷன்ஹாப்பன் என்கிற குக்கிராமத்தில் வந்து பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார், மருத்துவம் பார்த்தார், அச்சிட்ட புத்தகம் கிடைக்காததால் பூசைப் புத்தகத்தைக் கையாலேயே எழுதிக்கொண்டார். இவர்களுக்குச் சில வருஷம் கழித்து வந்தவர் ஃபெர்டினான்ட் ஸ்டைன்மையர். குடியானவர் என்று பொருள்படும் 'ஃபார்மர்' என்ற ஆங்கிலப் பெயரை வைத்துக்கொண்டார். மொழியை மாற்றிக்கொள்வது பெயரிலிருந்தே ஆரம்பிக்கிறது.

1757-ல் பிரான்சோடு யுத்தம். கத்தோலிக்கன் என்றால் பிரெஞ்சு உளவாளியாக இருப்பானோ என்ற சந்தேகம். எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அதிகாரம் கணக்குக் கேட்டது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட கத்தோலிக்கர் அந்தக் காலனி முழுவதிலும் 1365 பேர். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஜெர்மானியர். சிறுபான்மையைப் பற்றி நமக்குக் கிடைக்கிற முதல் புள்ளிவிவரம் எப்போதும் காவல்துறைக் கண்ணால் எடுக்கப்பட்டதாகத்தான் இருக்கிறது. அதை விட்டுவிடுவோம். இங்கே கவனிக்க வேண்டியது, எண்ணிக்கையில் பெரும்பான்மையாக இருந்தவர்கள் ஜெர்மானியர் என்பது. ஆனால் 1763-ல் நான்காம் தெருவில் எழுந்த பெரிய கோயிலான செயின்ட் மேரிஸ், ஆங்கிலம் பேசுகிறவர்களின், குறிப்பாக ஐரிஷ்காரர்களின் கோயிலாகவே அமைந்தது. ஃபார்மர் சாமியார் இருந்தவரை இரண்டு பக்கமும் தாக்குப்பிடித்தது. 1786 ஆகஸ்டில் அவர் இறந்தார். பிரச்சினை வெளியே வந்தது.

3

கதையின் அடுத்த கட்டத்தை வழக்கமாக மொழிப்போராட்டமாகச் சொல்வார்கள். ஐரிஷ்காரர்கள் நடுவே நசுங்கிய ஜெர்மானியர் தாய்மொழியில் வழிபடத் தனிக்கோயில் கேட்டார்கள் என்று. இதில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை கிடையாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பூசை லத்தீனில்தான். ஐரிஷ்காரன் கோயிலுக்குப் போனாலும் ஜெர்மன்காரன் கோயிலுக்குப் போனாலும் அதே லத்தீன். அப்படியிருக்க மொழியை வைத்து என்ன தகராறு? பூசைக்கு வெளியே இருப்பதுதான் தகராறு. பிரசங்கம், பாட்டு, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம், எல்லாவற்றுக்கும் மேலே பாவசங்கீர்த்தனம். இருட்டில் முழங்கால் போட்டு, தான் செய்ததை இன்னொரு மனிதனின் காதில் சொல்ல வேண்டும். கடை கண்ணியில் பேசக் கற்றுக்கொண்ட மொழி அதற்குப் போதாது. விலை கேட்கத் தெரிந்த வாய்க்குத் தன் வெட்கத்தைச் சொல்லத் தெரியாது. ஒருத்தனின் பாவம் தாய்மொழியில்தான் இருக்கிறது. வீட்டுக்குள் மட்டும் புழங்கிய பெண்களுக்கு இது இன்னும் கூடுதலான நெருக்கடி.

ஆனால் அப்போது அமெரிக்கக் கத்தோலிக்கர்களின் பொறுப்பில் இருந்த ஜான் கேரல் ஜெர்மன் பேசும் சாமியாரைத் தர மறுக்கவில்லை. லாரன்ஸ் கிரெஸ்ல் என்ற பவேரியாக்காரரை செயின்ட் மேரிஸில் நியமித்தார். கிரெஸ்ல் மதிக்கத்தக்க மனிதர். பின்னாளில் கேரலுக்குத் துணை ஆயராகவே தேர்ந்தெடுக்கப்பட்டு, அபிஷேகம் பெறும் முன்பே 1793-ல் இறந்துபோனார். ஜெர்மானியரில் ஒரு பகுதியினருக்கு அவர் வேண்டாம். அப்போது புதிதாக வந்திருந்த ஹெல்புரோன் என்ற கப்புச்சின் துறவியே வேண்டும் என்றார்கள். ஆக, ஜெர்மன் பேசும் குரு கிடைத்த பிறகும் சண்டை தொடர்கிறது. கேள்வி 'எந்த மொழி?' என்பதிலிருந்து 'யார் தீர்மானிப்பது?' என்பதற்கு நகர்ந்துவிட்டது. இந்த நகர்வைத்தான் மலர் எழுதுகிறவர்கள் பார்ப்பதில்லை.

அவர்கள் செய்தது இதுதான். 1788-ல் தாங்களே மனை வாங்கினார்கள். அதே வருஷம் பென்சில்வேனியா சட்டமன்றத்தில் பதிவுபெற்ற தர்மகர்த்தா சபை ஆனார்கள். அந்தச் சபையின் சட்டப்பூர்வப் பெயரில் 'ஜெர்மன்' என்ற அடைமொழி முன்னால் வருகிறது, 'ரோமன் கத்தோலிக்கர்' பின்னால் வருகிறது. 1789 நவம்பர் 22-ல் கோயிலைத் திறந்தார்கள். ஹெல்புரோனைத் தங்கள் பங்குச் சாமியாராகத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். கேரல் ஒப்பவில்லை. கடைசியில் ஹெல்புரோன் கேரலின் அதிகாரத்தை ஏற்று, கேரல் அவரை அங்கீகரித்து ஒரு சமரசம் ஆயிற்று. பிற்பாடு கோயில் கடனுக்கு நிதி திரட்ட ஐரோப்பா போன அந்த மனிதர் பிரெஞ்சுப் புரட்சியின் கில்லட்டினில் தலையைக் கொடுத்தார். அவருடைய சகோதரர் பீட்டர் ஹெல்புரோன் பங்குக்குப் பொறுப்பேற்றார்.

கோயில் கட்டிக் கொடுத்தவனுக்கு அதன் குருவை முன்மொழியும் உரிமை உண்டு என்பது திருச்சபைச் சட்டத்தில் பழைய சங்கதி. ஆதரவாளர் உரிமை. தமிழ்க் கத்தோலிக்கர்கள் இதை 'பதுருவாதோ' என்ற பெயரில் நன்றாக அறிவார்கள். இங்கே ரோமைக்கும் கோவாவுக்கும் நடந்த நீண்ட இழுபறி அந்த உரிமையைப் பற்றியதுதான். ஒரு வித்தியாசம். போர்ச்சுகலில் அந்த உரிமை ராஜாவின் கையில். பிலடெல்பியாவில் ரொட்டிக்கடைக்காரனும் தையற்காரனும் அதைக் கேட்டார்கள். ராஜா கேட்டால் உடன்படிக்கை. குடியானவன் கேட்டால் கலகம்.

4

1796-ல் நெபோமுசீன் கோயட்ஸ் என்ற குரு உதவியாளராக வந்தார். தர்மகர்த்தாக்கள் பீட்டர் ஹெல்புரோனை விலக்கிவிட்டுக் கோயட்ஸைப் பங்குச் சாமியாராக வைத்துக்கொண்டார்கள். எல்லிங் என்ற இன்னொரு குருவும் இவர்கள் பக்கம். கேரல் 1797 பிப்ரவரியில் அந்த ஜனங்களுக்கு ஒரு சுற்றுமடல் எழுதினார். ஆயர் அனுப்பாத குரு மேய்ப்பர் அல்ல, அவர் தரும் பாவமன்னிப்புச் செல்லாது என்பது அதன் சாரம். அசையவில்லை. இரண்டு குருக்களும் திருச்சபைக்குப் புறம்பாக்கப்பட்டார்கள். சமாதானம் பேச பிலடெல்பியாவுக்கு நேரில் வந்த ஆயர் கையில் நீதிமன்ற அழைப்பாணை கொடுக்கப்பட்டது. இந்தக் கோயில்மீது ஆயருக்கு அதிகாரமே இல்லை என்று தர்மகர்த்தாக்களின் வக்கீல்கள் வாதாடினார்கள். ஜெர்மானியருக்கு ஜெர்மன் ஆயர் வேண்டும் என்ற கோரிக்கையும் எழுந்தது. பால்டிமோரின் ஜெர்மன் சபையிலும் இதே குரல். ஆறு வருஷம் இப்படியே ஓடி, 1802 ஜனவரியில் தர்மகர்த்தாக்கள் ஆயரின் அதிகாரத்தை ஏற்றுக் கையெழுத்துப் போட்டார்கள்.

இதைத் திருச்சபை வரலாறு 'தர்மகர்த்தாவாதம்' என்ற நோய்ப்பெயரால் குறிக்கும். முரட்டுப் பொதுநிலையினர், ஊர் ஊராக அலையும் குருக்கள், பொறுமையான ஆயர் என்று ஒரு முக்கோணம். பாட்ரிக் கேரி போன்ற பிற்கால ஆய்வாளர்கள்தான் இதைப் புதிய குடியரசுச் சிந்தனையைத் திருச்சபைக்குள் கொண்டுவர நடந்த முயற்சியாகப் பார்க்கத் தொடங்கினார்கள். எனக்கும் அந்தப் பக்கமே சாய்வு. காலத்தைப் பாருங்கள். அமெரிக்க அரசியல் சட்டம் எழுதப்பட்டது 1787-ல், அதே பிலடெல்பியாவில். சில தெரு தள்ளி. பக்கத்து லுத்தரன் ஜெர்மானியர் தங்கள் போதகரைத் தாங்களே அழைத்துக்கொள்கிறார்கள். ஊரெல்லாம் தேர்தல் நடக்கிறது. இந்தக் கத்தோலிக்கன் மட்டும் கைகட்டி நிற்பானா?

இன்னொரு வேடிக்கை. கேரல் ஆயரானதே தேர்தலில்தான். ரோமையின் அனுமதியோடு 1789-ல் குருக்கள் கூடி வாக்களித்தார்கள். 26 வாக்கில் அவருக்கு 24. குருக்கள் ஆயரைத் தேர்ந்தெடுக்கலாம், ஜனங்கள் குருவைத் தேர்ந்தெடுக்கக்கூடாது. ஜனநாயகம் பலிபீடத்துக் கிராதியோடு நின்றுவிடுகிறது. கேரல் குறுகிய மனம் படைத்தவர் அல்ல. 1787 வாக்கில் ஒரு கடிதத்தில், புரியாத லத்தீனில் வழிபடுவது பெரிய தடை என்று எழுதியவர் அவர். மக்கள் மொழியில் வழிபாடு வேண்டும் என்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு 175 வருஷம் முன்பே நினைத்த மனிதர். ஆனால் அவர் மனசில் இருந்த 'மக்கள் மொழி' ஆங்கிலம். கத்தோலிக்கம் அந்நியச் சரக்கு என்ற பழியைத் துடைக்க அவர் துடித்தார். அதனால் ஜெர்மன் கோயில் அவருக்குச் சங்கடமாகப் பட்டது. சிறுபான்மையின் தலைவன், தன்னைவிடச் சிறிய சிறுபான்மையைப் பார்த்துக் கூச்சப்படுகிற தருணம் இது. புரட்சியாளர்களும் விதிவிலக்கல்ல என்று நமக்குத் தெரியும்.

தர்மகர்த்தாக்களைப் புனிதப்படுத்தவும் நான் தயாரில்லை. அக்கால வழக்கப்படி கோயில் பெஞ்சுக்கு வாடகை உண்டு, வாடகை கட்டினவனுக்குத்தான் தர்மகர்த்தாவைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டு. 'ஜனங்கள்' என்று அவர்கள் சொன்னது கையில் நாலு காசு உள்ள ஆண்களைத்தான். பின்னால் நின்று பூசை கண்ட வேலைக்காரியின் பங்கு எந்த நோட்டிலும் ஏறவில்லை. ஆயரின் அதிகாரத்தை எதிர்த்தவர்கள் தங்களுக்குக் கீழே இன்னொரு அதிகாரத்தை நிறுவிக்கொண்டார்கள். இதைச் சொல்லாமல் விட்டால் நானும் மலர் எழுதியவனாகிவிடுவேன்.

5

சண்டை போட்டுக்கொண்டே அவர்கள் வேறு காரியங்களும் செய்தார்கள். 1793-ல் பிலடெல்பியாவில் மஞ்சள் காய்ச்சல். ஐம்பதாயிரம் பேர் வாழ்ந்த நகரத்தில் ஏறக்குறைய 5000 சாவு. 1797-ல் திரும்ப வந்தது. கோயில் பிளவுபட்டுக் கிடந்த அதே வருஷம் அனாதையான கத்தோலிக்கப் பிள்ளைகளுக்காக இந்தக் கோயிலை ஒட்டி ஒரு இல்லம் தொடங்கப்பட்டது. 1814-ல் எலிசபெத் சீட்டன் ஸ்தாபித்த கன்னியர் சபையினர், தங்கள் தாய்மடத்துக்கு வெளியே முதன்முதலாக ஏற்றுக்கொண்ட பணி இந்த இல்லந்தான். புறம்பாக்கப்பட்ட குரு பூசை வைத்த கோயில், அனாதைகளை மட்டும் யாரையும் புறம்பாக்காமல் சேர்த்துக்கொண்டது. இறையியல் பேசுகிறவர்கள் இதை யோசிக்கலாம்.

கல்லறையும் அப்படித்தான். ஜெர்மானியர் கோயில் என்று பெயர், ஆனால் ஹைத்தி அடிமைகளின் புரட்சிக்குத் தப்பி வந்த பிரெஞ்சுக்காரர்களும் அங்கே வந்து சேர்ந்தார்கள். பெரும் பணக்காரரான பிரான்ஸ் நாட்டு ஸ்டீஃபன் ஜிரார்ட் 1831-ல் இறந்தபோது அங்கேதான் புதைக்கப்பட்டார். தன் பணத்தில் கட்டும் அனாதைப் பள்ளி வளாகத்துக்குள் எந்தச் சபையின் குருவும் கால்வைக்கக் கூடாது என்று உயில் எழுதியவர் அவர். இருபது வருஷம் கழித்து அவர் உடலை அந்தப் பள்ளிக்கே மாற்றிக்கொண்டு போனார்கள். அடையாளத்துக்கு வேலி போட்டுக் கட்டின கோயில், உள்ளே நுழைந்து பார்த்தால் அத்தனை கலப்பு.

6

1830-களுக்குப் பிறகு ஜெர்மானியர் கப்பல் கப்பலாக வந்தார்கள். 1850-களில் மட்டும் ஒன்பது லட்சத்துக்கு மேல். வியன்னாவிலும் மியூனிக்கிலும் அமெரிக்க மிஷன்களுக்கென்றே நிதிச் சங்கங்கள் ஏற்பட்டன. சங்கம் பணம் அனுப்பியது ஆயர்களுக்கும் துறவு சபைகளுக்கும்தான். பணம் எந்தக் கை வழியாக வருகிறதோ அந்தக் கையே கோயிலின் சொந்தக்காரன் ஆகிறது. ரிடம்டரிஸ்ட் துறவிகள் 1832 முதல் வந்து சின்சினாட்டி, பால்டிமோர், நியூயார்க் என்று ஜெர்மன் பங்குகளை எழுப்பினார்கள். ஜெர்மன் பிரசங்கம், ஜெர்மன் பள்ளி, ஜெர்மன் பாட்டு, ஜெர்மன் பத்திரிகை எல்லாம் உண்டு. தர்மகர்த்தா தேர்தல் மட்டும் இல்லை.

இந்த ஏற்பாட்டின் உருவமாக ஒரு மனிதரைச் சொல்லலாம். ஜான் நியூமன், பொஹீமியாக்காரர், ஜெர்மன் பேசுகிறவர், 1852-ல் பிலடெல்பியாவின் ஆயர். பல மொழி அறிந்தவர். ஆங்கிலம் தெரியாத ஐரிஷ் கிழவிகளின் பாவசங்கீர்த்தனம் கேட்பதற்காகவே கேலிக் மொழியைக் கற்றுக்கொண்டார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். பாவத்துக்குத் தாய்மொழி உண்டு என்று அவரைப்போல் அறிந்த ஆயர் கிடையாது. அதே நியூமன்தான் திரும்பவும் தலைதூக்கிய ஹோலி டிரினிட்டி தர்மகர்த்தாக்களை ஒடுக்கினார். அவர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டே, ஆயருக்குக் கட்டுப்பட்ட ஜெர்மானியருக்கு செயின்ட் அல்போன்ஸ் என்று வேறு கோயில் ஏற்பட வழி செய்தார். கோயிலை அவர்களிடமே விட்டுவிட்டு ஜனங்களை எடுத்துக்கொள்வது. நல்ல தந்திரம். 1977-ல் ரோமை அவரைப் புனிதராக அறிவித்தது. முரண்பாடு எதுவும் இல்லை. ஜனங்களின் மொழியைக் கேட்டுக்கொள்வதும் ஜனங்களின் ஓட்டைக் கேட்காமலிருப்பதும் அவருக்கு ஒரே மேய்ப்புப் பணி.

1853-ல் போப்பின் தூதராக வந்த பெதீனிக்குக் கொடுக்கப்பட்ட வேலைகளில் இந்தக் கோயிலின் தகராறும், பஃபலோ நகரில் இதேபோல் தர்மகர்த்தாக்கள் பிடித்துவைத்திருந்த செயின்ட் லூயிஸ் கோயிலின் தகராறும் உண்டு. அந்த வருஷக் கிறிஸ்துமஸ் ராத்திரி சின்சினாட்டியில் பெதீனியின் கொடும்பாவியோடு ஊர்வலம் வந்தவர்களும் ஜெர்மானியரே, 1848 புரட்சி தோற்று ஓடிவந்த நாத்திகர்கள். போலீஸ் சுட்டது. 'ஜெர்மானியர்' என்று ஒற்றை அடையாளம் கிடையாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

தர்மகர்த்தாக்களைக் கடைசியாக முடித்துவைத்தது யார் தெரியுமா? அவர்களுக்கு ஆதரவு தெரிவித்தவர்கள். 1844-ல் பிலடெல்பியாவில் குடியேறிகளுக்கு எதிரான கும்பல் இரண்டு ஐரிஷ் கோயில்களைக் கொளுத்தியது. ஜெர்மன் கோயிலைத் தொடவில்லை. பத்து வருஷத்தில் அந்தக் கூட்டம் 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்று பதில் சொல்வதாலேயே பெயர்பெற்ற அரசியல் கட்சி ஆயிற்று. 1855-ல் பென்சில்வேனியாவிலும் நியூயார்க்கிலும் கோயில் சொத்து ஆயர் கையில் இருக்கக்கூடாது, சபையார் கையில் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். ஜெர்மன் தர்மகர்த்தா அறுபது வருஷமாகக் கேட்டது இதைத்தான்! ஆனால் கொடுத்தவன் கத்தோலிக்க விரோதி. இனிமேல் பங்கில் உரிமை கேட்கிறவன் எல்லாம் அந்தக் கும்பலின் ஆள் என்று சொல்லிவிடலாம். உள்ளேயிருந்து எழுந்த நியாயமான குரலை வெளிப்பகைவன் கடன்வாங்கினால், அந்தக் குரல் துரோகமாகிவிடுகிறது. ஹோலி டிரினிட்டி தர்மகர்த்தாக்களின் கதை இதோடு அடங்கியது.

7

ஆக, ஒரு பேரம் நடந்து முடிந்தது. திருச்சபை மொழியைக் கொடுத்து அதிகாரத்தை எடுத்துக்கொண்டது. யாரும் எழுதிக் கையெழுத்திடாத பேரம். ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் மிச்சக் கதை இதற்குள் அடங்கும். 'மொழி போனால் விசுவாசம் போகும்' என்பது ஜெர்மன் கத்தோலிக்கரின் மந்திரமாயிற்று. 1788-ல் கேட்டது உரிமை, 1880-களில் கேட்டது சலுகை.

செயின்ட் லூயிஸில் ஜெர்மன் கோயில்கள் ஆங்கிலப் பங்குகளின் துணைக்கோயில்களாகத்தான் மதிக்கப்பட்டன. 1886-ல் மில்வாக்கியைச் சேர்ந்த ஆபெலன் என்ற குரு சம அந்தஸ்து கேட்டு ரோமைக்கு மனு கொண்டுபோனார். மறு வருஷம் ரோமை ஒரு பகுதியை ஒப்புக்கொண்டது. ஒரே எல்லைக்குள் மொழிவாரியாகப் பல பங்குகள் இருக்கலாம். 1889-ல் விஸ்கான்சின் மாநிலம் பள்ளிகளில் ஆங்கிலத்தைக் கட்டாயமாக்கும் பென்னட் சட்டத்தை நிறைவேற்றியபோது கத்தோலிக்க ஜெர்மானியரும் லுத்தரன் ஜெர்மானியரும் சேர்ந்து நின்று 1890 தேர்தலில் ஆளுநரைத் தோற்கடித்தார்கள். 1891-ல் சட்டம் நீக்கப்பட்டது. அதே 1891-ல் ஜெர்மனியின் லிம்பர்க் நகர வியாபாரி பீட்டர் பால் காஹென்ஸ்லி, குடியேறிகளுக்காக உழைத்த ரஃபேல் சங்கத்தின் சார்பில் போப் பதின்மூன்றாம் லியோவிடம் மனு கொடுத்தார். அமெரிக்காவில் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் விசுவாசத்தை இழந்துவிட்டார்கள், ஒவ்வோர் இனத்துக்கும் தனிப் பங்கும் ஆயர்களிடையே பிரதிநிதித்துவமும் வேண்டும் என்று. கணக்கு மிகை. ஆனால் கிளம்பிய எதிர்ப்பு அதைவிட மிகை. ஜெர்மானிய அரசின் சதி என்றார்கள். முன்னணியில் நின்றவர் செயின்ட் பால் நகரப் பேராயர் ஜான் அயர்லண்ட். அவரும் அயர்லாந்தில் பிறந்து சிறுவனாகக் கப்பலேறியவர். ஒரு குடியேறி இன்னொரு குடியேறியைப் பார்த்து 'நீ அமெரிக்கன் ஆகு' என்கிறான். எந்த ஆங்கிலம் அயர்லாந்தில் ஆண்டவனின் மொழியாக இருந்து கேலிக்கைத் தின்றதோ, அதே ஆங்கிலம் இங்கே ஐரிஷ்காரன் கையில் மூலதனம்.

பிறகு முதல் உலகப்போர். 1917-ல் அமெரிக்கா ஜெர்மனியோடு யுத்தத்தில் இறங்கியது. 1918 மே 23-ல் அயோவா மாநில ஆளுநர் ஒரு பிரகடனம் வெளியிட்டார். பள்ளியில், பொது இடத்தில், தொலைபேசியில், கோயிலில் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக்கூடாது. கோயிலிலும்! லத்தீன் பிழைத்துக்கொண்டது, ஜெர்மன் பிரசங்கம் பிழைக்கவில்லை. ஜெர்மன் சொல்லிக்கொடுத்ததற்காக நெப்ராஸ்காவில் ஒரு லுத்தரன் பள்ளி ஆசிரியர் தண்டிக்கப்பட்ட வழக்கில் 1923-ல் உச்சநீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. அதற்குள் காரியம் முடிந்துவிட்டிருந்தது. 1917-ல் வெளிவந்த திருச்சபைச் சட்டத்தொகுப்பும் ரோமையின் தனி அனுமதி இல்லாமல் மொழிவாரிப் புதுப் பங்குகள் கூடாது என்று கதவைச் சாத்தியது. அரசும் சபையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்.

இங்கேதான் 1802-ஆம் வருஷக் கையெழுத்தின் விலை தெரிகிறது என்று எனக்குப் படுகிறது. மொழி ஒன்றையே தன் பங்காக வாங்கிக்கொண்ட சமூகத்திடம், மொழி போன அன்று கோயிலில் வேறு பிடிமானம் இல்லை. பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்தார்கள். தாத்தாவின் கோயில் அவர்களுக்கு வெறும் கட்டடம். தர்மகர்த்தாக்களின் கேள்வி உயிரோடு இருந்திருந்தால் மொழி போன பிறகும் அவர்கள் அங்கே பங்காளிகளாக இருந்திருப்பார்கள். பெஞ்சு வாடகைக்காரர்களின் ஆட்சி தொடர்ந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை இன்னும் கீழே, பின்வரிசையில் நின்றவர்கள் வரை கொண்டுபோக வாய்ப்பிருந்தது. அந்த வாய்ப்பைத்தான் மொழியைக் கொடுத்து வாங்கிவிட்டார்கள்.

8

கோயில் இன்னும் நிற்கிறது. ஆனால் தனிப் பங்கு என்ற தகுதி போய்விட்டது. எந்த செயின்ட் மேரிஸிலிருந்து கோபித்துக்கொண்டு இரண்டு தெரு தள்ளி வந்து கட்டினார்களோ, அதே செயின்ட் மேரிஸ் பங்கோடு அதை இணைத்துவிட்டார்கள். ஒப்பு கேட்க வாரிசுகள் யாரும் இல்லை.

1983-ல் திருத்தி வெளியிடப்பட்ட திருச்சபைச் சட்டம், பங்கு பொதுவாக நிலப்பரப்பைச் சார்ந்தது, தேவைப்பட்டால் மொழியையோ இனத்தையோ வைத்தும் அமைக்கலாம் என்கிறது. ஸ்புரூஸ் தெருக்காரர்கள் கேட்டதில் பாதி இப்போது விதி. அமெரிக்க நகரங்களில் ஸ்பானிய, வியட்நாமியப் பூசைகள் நடக்கின்றன. அவர்களுக்கும் அதே பேரந்தான் நீட்டப்படுகிறது: உன் மொழி உனக்கு, சாவி எங்களிடம்.

எங்கள் ஊர் வரி நோட்டை நினைத்துக்கொள்கிறேன். அதில் ஒவ்வொரு தலைக்கட்டும் கொடுக்க வேண்டிய தொகை எழுதியிருக்கும். ஒவ்வொருத்தருக்கும் வர வேண்டியது எவ்வளவு என்று ஒரு பத்தி அந்த நோட்டில் கிடையாது. பிலடெல்பியாவின் அந்தக் கோபக்காரர்கள், தங்களுக்கு மட்டும் என்றாலும்கூட, அந்தப் பத்தியைக் கோடு போட்டு வரைந்து பார்த்தார்கள். அது இன்னும் நிரப்பப்படாமல் கிடக்கிறது.